பழைய மொழி... புது ஆட்டம்!

பேசிக், பாஸ்கல், சி, அசெம்பிளி... வயதாகிவிட்டது என்று ஓரங்கட்டப்படும் நிரல்மொழிகளை, பொழுதுபோக்காக கேம் செய்பவர்கள் மட்டும் ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள்?

எதிரெதிர் கட்டடங்களின் உச்சியில் இரண்டு கொரில்லாக்கள். ஒன்றன் மேல் ஒன்று வெடிக்கும் வாழைப்பழங்களை வீசிக்கொள்ளும். எந்தக் கோணத்தில், எவ்வளவு வேகத்தில் வீசுவது என்று ஆடுபவர் எண்களைத் தட்ட வேண்டும். காற்றடிக்கும் திசையையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1991-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்.எஸ். டாஸ் 5-உடன் கூடவே வந்த 'கொரில்லாஸ்' கேம் இது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் பலருக்கும் இந்தக் கொரில்லாக்களைத் தெரிந்திருக்கும்.

இந்த கேமை ஆட வேண்டுமானால் வழக்கமாக கியூபேசிக்கைத் திறந்து, நிரலைத் திரைக்குக் கொண்டுவந்து, பிறகு எஃப்5 விசையை அழுத்த வேண்டும். ஆட மட்டுமே வந்தவர் கண்ணிலும் அது எழுதப்பட்டிருக்கும் விதம் பட்டே தீரும். எஃப்2-வை அழுத்தினால் துணைநிரல்களின் பட்டியல் வரும்: 'மேக் சிட்டி ஸ்கேப்', 'பிளேஸ் கொரில்லாஸ்', 'டூ ஷாட்', 'விக்டரி டான்ஸ்'. எது எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 'டூ சன்' என்பது சூரியனை வரையும் பகுதி. அதற்குத் தேவைப்படும் தகவல் ஒன்றே ஒன்று: வாய். 'ஆம்' என்று கொடுத்தால் சூரியன் வட்டமாக வாயைப் பிளக்கும். 'இல்லை' என்றால் சிரிக்கும். குறி தப்பிய பழம் சூரியன் மேல் பட்டால் 'ஆம்'. நிரல் எழுதிப் பழக்கமே இல்லாத பள்ளி மாணவர்கூட இந்த இடத்தைத் தேடிப்பிடித்து, சூரியனை எப்போதும் வாய் பிளந்தபடியே நிற்க வைத்துவிடலாம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. யூனிட்டி, அன்ரியல், கோடோ என்று பெரிய கேம் எஞ்சின்களைக் காசு கொடுக்காமலே இறக்கிக்கொள்ளலாம். அப்படியும் கியூபேசிக்கின் வாரிசான 'கியூபி64'-இல் இன்றைக்கும் கேம் எழுதுகிறார்கள். ஃப்ரீ பாஸ்கலில் எழுதுகிறார்கள், சி-யில் எழுதுகிறார்கள், இன்னும் ஒரு படி இறங்கி அசெம்பிளியில்கூட எழுதுகிறார்கள். ஜெர்மனியின் 8-பிட் கணினி ஆர்வலர்கள் ஆண்டுதோறும் ஒரு பேசிக் போட்டி நடத்துகிறார்கள். முழு கேமையும் பத்தே வரிகளில் முடிக்க வேண்டும். ஒரு பிரிவில் வரிக்கு 80 எழுத்தைத் தாண்டக்கூடாது.

பழைய நினைப்பில் செய்கிறார்கள் என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம்தான். ஆனால், இந்த வட்டாரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணம் வேறு: பழைய மொழிகள் படித்தால் புரிகின்றன. அது எவ்வளவு தூரம் உண்மை என்று மொழி மொழியாகப் பார்த்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை நிரலாளர்

முதலில், படிப்பது யார்? மென்பொருள் நிறுவனத்தில் ஒருவர் எழுதிய நிரலைப் பக்கத்து இருக்கைக்காரர் படிப்பார், மேலாளர் பார்ப்பார், சோதிப்பதற்கென்றே தனிக் குழு இருக்கும். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேட்டுவிடலாம். பொழுதுபோக்காக கேம் செய்பவருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. வேலை முடிந்த இரவுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவார். நடுவில் தேர்வு வரும், கல்யாணம் வரும், அலுவலகத்தில் ஒரு புராஜெக்ட் கழுத்தை நெரிக்கும். கேம் அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால் எழுதியவரும் அவரே, புரியாமல் முழிப்பவரும் அவரே.

அதனால் அவருக்கு மூன்று கேள்விகள் முக்கியம். இந்த வரி திரையில் என்ன செய்கிறது? ஒன்றை மாற்ற வேண்டுமானால் எங்கே போக வேண்டும்? அடுத்த ஆண்டும் இது ஓடுமா? பழைய மொழிகள் எல்லாமே இந்த மூன்றிலும் தேறிவிடுவதில்லை. எது எதில் தேறுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எண் போட்ட வரிகள்

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற கணிதப் பேராசிரியர்கள் உருவாக்கிய பேசிக், 1964 மே 1 அதிகாலையில் முதன்முதலாக ஓடியது. அறிவியல் பக்கமே போகாத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பதுதான் அவர்கள் நோக்கம். அன்றைக்கு மாணவர் முன்னால் இருந்தது திரையல்ல, டெலிடைப் எந்திரம். தட்டுவதெல்லாம் காகிதத்தில் அச்சாகும். மேலே போய்த் திருத்த வழியில்லை. அதனால் வரிகளுக்கு எண் கொடுத்தார்கள். 10-ஆம் வரிக்கும் 20-ஆம் வரிக்கும் நடுவே ஒன்றைச் செருக வேண்டுமானால் 15 என்று போட்டுத் தட்டினால் போதும். கணினியே அதை உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளும்.

பேசிக்கை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் கேம்களுக்குப் பெரிய பங்கு உண்டு. டேவிட் ஆல் 1973-இல் தொகுத்த பேசிக் கேம் புத்தகம், 1978-இல் வீட்டுக் கணினிகளுக்கேற்பத் திருத்தி வெளியிடப்பட்டு, பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. கணினிப் புத்தகம் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல்முறை. அதில் கேம் தட்டோ நாடாவோ கிடையாது. நிரல் மட்டும் அச்சாகியிருக்கும். வாங்கியவர் வரி வரியாகத் தட்டிச் சேர்த்தால்தான் ஆட்டம். ஓர் எழுத்து பிசகினாலும் ஓடாது. உடனே திரும்பப் போய், எந்த வரியில் என்ன தவறு என்று தேட வேண்டும். ஆடுவதற்காகப் புத்தகம் வாங்கியவர்கள் இப்படி, வேறு வழியில்லாமல், நிரல் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஸ்டீவ் வோஸ்னியாக் ஆப்பிள் கணினிக்கு பேசிக் எழுதியபோதே 'பிரேக்அவுட்' கேமை அதில் எழுத முடிய வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் எழுதினார். ரிச்சர்ட் கேரியட் 1981-இல் வெளியிட்ட முதல் 'அல்டிமா'வும் பெரும்பாலும் பேசிக்கில் எழுதப்பட்டதுதான்.

பேசிக் எவ்வளவு சிறிதாக இருக்கமுடியும் என்பதற்கு கமடோர் 64 கணினியின் புகழ்பெற்ற ஒற்றை வரியைப் பார்க்கலாம். வரி எண் 10. 205.5-உடன் ஏதோ ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டு. விடைக்குரிய எழுத்தை அச்சிடு. மறுபடியும் 10-க்கே போ. அவ்வளவுதான். தற்செயல் எண் 0-க்கும் 1-க்கும் இடையில் வருவதால், கூட்டுத்தொகை 205.5-க்கும் 206.5-க்கும் நடுவில் இருக்கும். பின்னத்தை வெட்டிவிட்டால் மிஞ்சுவது 205 அல்லது 206, சரிபாதி வாய்ப்பு. அந்தக் கணினியின் எழுத்துப் பட்டியலில் இந்த இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்த கோடுகள். இந்தப் பக்கம் சாய்ந்த ஒரு கோடு, அந்தப் பக்கம் சாய்ந்த ஒரு கோடு என்று திரை நிரம்ப நிரம்ப, முடிவே இல்லாத ஒரு புதிர்ப்பாதை விரியும். இந்த ஒரு வரியை அலசி பத்துப் பேர் சேர்ந்து எழுதிய முழுப் புத்தகத்தை எம்.ஐ.டி. பதிப்பகம் 2012-இல் வெளியிட்டது.

'ஸ்கோர்' என்று எழுத முடியாத கேம்

ஆனால் அதே கமடோர் 64-இல் கொஞ்சம் பெரிய கேம் எழுத உட்கார்ந்தால் கதை மாறிவிடும். கேமில் முதலில் தேவைப்படுவது மதிப்பெண்ணை வைத்துக்கொள்ள ஒரு மாறி. அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' என்று பெயர் வைத்தால் பிழைச் செய்தி வரும்! அந்தச் சொல்லின் எழுத்துகளுக்கு நடுவே 'ஆர்' என்ற பேசிக் கட்டளை ஒளிந்திருக்கிறது. கணினி அதைத் தனியே பிய்த்து எடுத்துக்கொள்ளும். 'டோட்டல்' என்றும் வைக்க முடியாது. அதற்குள் 'டூ' இருக்கிறது. தப்பித்து வேறு நீளமான பெயர் வைத்தாலும் முதல் இரண்டு எழுத்தைத்தான் கணினி பார்க்கும். ஒரே இரண்டு எழுத்தில் தொடங்கும் இரண்டு மாறிகள் அதற்கு ஒன்றே. அதனால் நிரல் முழுக்க ஒற்றை எழுத்து, இரட்டை எழுத்துப் பெயர்களாக நிறைந்துவிடும்.

திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க வேண்டுமா? 53280 என்ற நினைவக முகவரியில் 0-வைப் போட வேண்டும். ஏன் 53280 என்று நிரலில் எங்கும் இருக்காது. கையேட்டைப் புரட்ட வேண்டும். விளக்கக் குறிப்பு எழுதலாம் என்றால் இடம் பத்தாது. 64 கிலோபைட் கணினி என்று பெயர்தானே தவிர, சுவிட்சைப் போட்டதும் பேசிக்குக்கு மிச்சம் 38,911 பைட் என்று அதுவே சொல்லிவிடும். குறிப்பும் நினைவகத்தைத் தின்னும், சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளியும் தின்னும். இரண்டையும் அழித்துத்தான் பல நிரல்கள் பத்திரிகைகளில் அச்சாயின.

இவற்றோடு 'கோ டூ' வேறு. எந்த வரியிலிருந்தும் எந்த வரிக்கும் தாவலாம் என்ற சுதந்திரம், சின்ன நிரலில் வசதி. பெரிய நிரலில் சிக்குப் பிடித்த நூல்கண்டு. நெதர்லாந்து கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-லேயே 'கோ டூ' கூடாது என்று எழுதினார். 1975-இல் ஒரு படி மேலே போய், பேசிக்கில் பழகிய மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பிப்பதே ஏறக்குறைய முடியாத காரியம் என்று தாளித்தார். அது மிகை. ஆனால், அவர் எரிச்சலில் நியாயம் இருந்தது. 2021-இல் நிரலாளர் ஜெஃப் அட்வுட், டேவிட் ஆல் புத்தகத்தின் கேம்களை பைத்தான், ஜாவா, ரஸ்ட் போன்ற இன்றைய மொழிகளில் பலர் கைசேர்த்துத் திரும்ப எழுதும் முயற்சியைத் தொடங்கினார். சொற்களை மாற்றிப் போட்டால் முடிகிற வேலையல்ல அது. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குத் தாவுகிறது, எதற்காகத் தாவுகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி உழைப்பு போகும்.

ஆக, முதல் கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கும் பழைய பேசிக், இரண்டாவதில் கோட்டைவிடுகிறது. தொடங்குவது சுலபம், திரும்பி வருவது கஷ்டம். இது பேசிக்கின் தலைவிதி அல்ல என்பதற்கு 1981-இல் வந்த பிபிசி மைக்ரோ சாட்சி. அதற்கு சோஃபி வில்சன் எழுதிய பேசிக்கில் மாறிகளுக்கு நீளமாகப் பெயர் வைக்கலாம். துணைநிரல்களுக்குப் பெயர் சூட்டி, பெயரைச் சொல்லியே அழைக்கலாம். 1984-இல் தொடங்கிய 'கிளாஸ்' கணினிக் கல்வித் திட்டத்தின் வழியே இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இந்தக் கணினிதான். கொரில்லாக்களை இயக்கிய கியூபேசிக்கிலும் அந்த வசதிகள் உண்டு. 'விக்டரி டான்ஸ்' என்று ஒரு துணைநிரலுக்குப் பெயர் வைக்க முடிந்ததால்தான் அது படித்ததும் புரிந்தது.

கடைசிப் பக்கத்திலிருந்து படி!

சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த் 1970-இல் வெளியிட்ட பாஸ்கல், படிப்பதற்காகவே கட்டப்பட்ட மொழி. எதையும் முதலில் அறிவிக்க வேண்டும், பிறகுதான் பயன்படுத்தலாம். அதனால் சின்னச் சின்னத் துண்டுகள் முன்னால் வரும்; அவற்றையெல்லாம் கோத்து ஓட்டும் முக்கிய நிரல் கடைசியில் இருக்கும். பழகியவர்கள் பாஸ்கல் கோப்பைத் திறந்ததும் நேராகக் கீழே போய்விடுவார்கள். கேமின் மொத்த ஓட்டமும் அங்கே சில வரிகளில் கிடைத்துவிடும். விவரம் வேண்டுமென்றால் மேலே ஏறலாம்.

கேம் செய்பவருக்கு பாஸ்கல் தரும் இன்னொரு வசதி அதிகம் பேசப்படுவதில்லை. வீரனுக்கு மிச்சமிருக்கும் உயிர்கள் 0 முதல் 9 வரைதான் என்று மொழியிடமே சொல்லிவைக்கலாம். திசை என்றால் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு இந்த நான்குதான், வேறு எதுவும் வரக்கூடாது என்றும் சொல்லலாம். எல்லைச் சோதனையை இயக்கி வைத்திருந்தால், உயிர்களின் எண்ணிக்கை மைனஸுக்குப் போகும் அந்தக் கணத்திலேயே நிரல் நின்றுவிடும். ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கு அந்த அறிவிப்பே குறிப்புப் புத்தகம். இந்த மாறியில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்பதை எழுதியவர் மறந்திருந்தாலும் நிரல் மறந்திருக்காது.

1983-இல் போர்லாண்ட் நிறுவனம் 49.95 டாலருக்கு விற்ற டர்போ பாஸ்கல், இந்த மொழியை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. டிம் ஸ்வீனி 1991-இல் வெளியிட்ட 'இஸட்இஸட்டி' அதில் எழுதப்பட்டது. பின்னாளில் 'அன்ரியல்' எஞ்சினையும் 'ஃபோர்ட்நைட்'டையும் தந்த எபிக் நிறுவனத்தின் ஆரம்பம் அந்த கேம்தான். வெறும் எழுத்துகளால் வரைந்த உலகம். ஆடுபவரே தன் சொந்த உலகத்தை அதற்குள் கட்டலாம். அதன் மூல நிரல் தொலைந்துபோனது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. ஓடும் கோப்பைப் பிரித்து, பாஸ்கல் நிரலை வரிவரியாக மீட்டெடுத்து, ஸ்வீனியின் அனுமதியோடு 2020-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குப் பிறகு இன்னொருவர் கையில் ஒரு கேம் உயிர்பெற்றது என்றால், அதற்கு அந்த மொழியின் ஒழுங்கும் ஒரு காரணம்.

பாஸ்கலின் குறை வளவளப்பு. இரண்டு வரி வேலைக்கு ஐந்து வரி எழுத வைக்கும். கையால் தட்டுகிறவருக்கு அலுப்பு, படிப்பவருக்கு லாபம்.

நீலத்திரை நினைவிருக்கிறதா?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் கணினி படித்தவர்களுக்கு டர்போ சி-யின் நீலத்திரையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உலகம் வெகுதூரம் போன பிறகும் நம் ஆய்வகங்கள் அதை விடவில்லை. அதிலும் 'கிராஃபிக்ஸ்' நூலகத்தைச் சேர்த்து, பி.ஜி.ஐ. கோப்புறையின் பாதையைச் சரியாகக் கொடுத்து, ஒரு வட்டத்தைத் துள்ள வைத்தோ ஒரு காரை இடமிருந்து வலமாக ஓட்டியோ பார்க்காதவர்கள் குறைவு. பலருக்கு அதுதான் முதலும் கடைசியுமான கேம் முயற்சி.

அந்த பி.ஜி.ஐ. வரைகலை நூலகத்தின் பாதிப்பில் பிறந்த ஒன்று இன்று உலகெங்கும் சுற்றுகிறது. ஸ்பெயினைச் சேர்ந்த ரமோன் சாந்தாமரியா 2013-இல் 'ரேலிப்' என்ற நூலகத்தை எழுதத் தொடங்கினார். கோடிங் வாடையே அறியாத ஓவியத் துறை மாணவர்களுக்கு கேம் நிரலாக்கம் சொல்லித்தருவது அவர் தேவை. 1964-இல் டார்ட்மவுத் பேராசிரியர்கள் நினைத்த அதே மாதிரி மாணவர்கள்! அவர் தேர்ந்தெடுத்த மொழி, 1972-வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி. ரேலிப்பில் ஒரு கேமின் எலும்புக்கூடு இதுதான்: சன்னலைத் திற, சன்னல் மூடப்படும்வரை திரும்பத் திரும்பத் திரையைத் துடை, வரை, முடிந்ததும் மூடு. எதுவும் திரைமறைவில் நடப்பதில்லை. மேலிருந்து கீழே படித்தால், கேம் எந்த வரிசையில் ஓடுகிறதோ அதே வரிசையில் நிரலும் இருக்கிறது. பெரிய எஞ்சின்களில் இந்த ஓட்டம் எஞ்சினுக்குள் இருக்கும்; நாம் எழுதுவது அது அவ்வப்போது கூப்பிடும் துண்டுகளை மட்டும்.

சி சின்ன மொழி. அதை உருவாக்கியவர் பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து 1978-இல் எழுதிய புத்தகம் 300 பக்கத்துக்கும் குறைவு. மொழி முழுவதும் அதற்குள் அடக்கம். மொத்தத்தையும் தலைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பது வாரத்துக்கு ஒருநாள் வருபவருக்குப் பெரிய வரம். ஆனால், சி யாரையும் தடுக்காது. பத்து இடம் உள்ள பட்டியலில் பதினோராவது இடத்தில் எழுதினாலும் வாயைத் திறக்காமல் எழுதவிடும். கேம் வேறெங்கோ, வேறெப்போதோ செத்து விழும். எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்பதற்கு 'குவேக் 3' கேமின் நிரலில் ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. வர்க்கமூலத்தின் தலைகீழியை வேகமாகக் கணக்கிட, தசம எண்ணின் பிட்டுகளை முழு எண்ணாகப் பாவித்து, பாதியாக்கி, எங்கிருந்தோ வந்த ஒரு மந்திர எண்ணிலிருந்து கழிப்பார்கள். பக்கத்திலேயே நிரலாளர் ஒருவர் குழம்பிப்போய் ஒரு கெட்ட வார்த்தையைக் குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். மொழி சிறியதாக இருந்தால் மட்டும் நிரல் தெளிவாகிவிடாது.

ஆறு பைட்டில் ஓர் அண்டம்

படிக்கக் கடினமான மொழி எது என்றால் அசெம்பிளி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கூட்டு, நகர்த்து, தாவு என்ற அளவுக்குத்தான் அதற்குப் பேசத் தெரியும். ஆனால், பழைய கேம்களில் மிக நுணுக்கமாகப் படிக்கப்பட்டு உரை எழுதப்பட்டவற்றில் பல அசெம்பிளியில் எழுதியவைதான். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் கேம்பிரிட்ஜ் மாணவர்களாக இருந்தபோது பிபிசி மைக்ரோவுக்கு எழுதிய 'எலைட்', 1984-இல் வந்தது. எட்டு அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். பெயர், இடம், அரசு, பொருளாதாரம் எல்லாம் தனித்தனி. 32 கிலோபைட் கணினியில் இவ்வளவையும் எங்கே அடைப்பது? அடைக்கவே இல்லை. ஆறு பைட் அளவுள்ள விதை எண்களை வைத்துக்கொண்டு, அவற்றைக் கூட்டிச் சுழற்றி அடுத்த கிரகத்தைப் பிறப்பித்தார்கள். விதை அதே என்பதால் கிரகங்களும் ஒவ்வொருமுறையும் அதேபோல வரும்.

இந்த நிரலின் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதி ஆர்வலர் ஒருவர் பொதுவில் வைத்திருக்கிறார். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை எழுதிய ஜோர்டான் மெக்னர், தொலைந்துவிட்டதாக நினைத்த 1989-ஆம் ஆண்டின் ஆப்பிள் அசெம்பிளி நிரல் 2012-இல் கிடைத்ததும் அதை எல்லோரும் பார்க்கக் கொடுத்துவிட்டார். இவற்றைப் படிப்பவர்கள் அசெம்பிளியில் வேலை தேடுபவர்கள் இல்லை. இவ்வளவு குறைந்த இடத்தில் எப்படி யோசித்தார்கள் என்பதுதான் பாடம். மொழி தராத தெளிவை இங்கே உரை தருகிறது.

மோசமான நிரல், அருமையான கேம்

நிரல் தெளிவாக இருந்தால்தான் கேம் நன்றாக இருக்குமா? இல்லவே இல்லை. டெர்ரி கேவனா 2010-இல் வெளியிட்டு உலகம் கொண்டாடிய 'விவிவிவிவிவி'யின் நிரலை, பத்தாவது ஆண்டு நிறைவில் அவரே பொதுவில் வைத்தார். பார்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். கேமின் கதை நகர்வில் பெரும்பகுதி நூற்றுக்கணக்கான எண் போட்ட கிளைகளாக ஒரே துணைநிரலுக்குள் நீண்டு கிடந்தது. எந்த எண் எதற்கு என்று எழுதியவருக்குத்தான் தெரியும். ஆனால் அவர் கேமை முடித்தார். அழகான நிரலை எழுதிக்கொண்டே இருந்து கேமை முடிக்காதவர்கள் எத்தனையோ பேர். ஒரே மூச்சில் முடிக்க முடிகிறவருக்கு நிரல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை. விட்டுவிட்டு எழுதுகிறவருக்குத்தான் தெளிவு தேவை.

அசையாத தரை

மூன்றாவது கேள்விக்கு வருவோம்: அடுத்த ஆண்டும் ஓடுமா? பழைய மொழிகள் உண்மையிலேயே ஜெயிக்கும் இடம் இதுதான்.

இரண்டாயிரங்களில் பொழுதுபோக்கு கேம் என்றாலே ஃபிளாஷ். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி அதற்கு மூடுவிழா நடத்தியது. ஆயிரக்கணக்கான சின்ன கேம்களை இன்று தனி எமுலேட்டர் வைத்துத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்.என்.ஏ. கேம் கருவித்தொகுப்பில் பழகியவர்களுக்கு, இனிப் புதிய பதிப்பு வராது என்ற செய்தி 2013-இல் வந்தது. 2023 செப்டம்பரில் யூனிட்டி, கேம் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பவே முதலில் தளர்த்தி, ஓராண்டு கழித்து முற்றிலும் கைவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத திறந்த எஞ்சினான கோடோகூட 2023-இல் நான்காம் பதிப்புக்கு மாறியபோது, மூன்றாம் பதிப்பில் எழுதிய பல நிரல்கள் அப்படியே ஓடவில்லை.

1993-இல் வந்த 'டூம்' கேமின் சி நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வெளியிட்டது. அன்றிலிருந்து அதை எந்தக் கருவியில் ஓட்டலாம் என்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. சின்னஞ்சிறு மாற்றங்களோடு இன்றும் ஓடுகிறது. டர்போ பாஸ்கலில் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஃப்ரீ பாஸ்கல் ஏற்றுக்கொள்ளும். கியூபேசிக் நிரலை கியூபி64-இல் திறந்து எஃப்5 அழுத்தலாம். இந்த மொழிகளில் பரபரப்பான புதுமை எதுவும் நடப்பதில்லை. அதுவே இவற்றின் பலம். நீங்கள் ஆறு மாதம் காணாமல் போனாலும் மொழி விட்ட இடத்திலேயே நிற்கும்.

எதில் தொடங்கலாம்?

*கியூபி64:* ஒரே மென்பொருளில் எழுதலாம், ஓட்டலாம். வரி எண் கட்டாயமில்லை. ஒரு மாலைப் பொழுதில் திரையில் ஏதாவது நகர வேண்டும் என்பவர்களுக்கு.

*ஃப்ரீ பாஸ்கல்:* கணிசமாகப் பெரிய கேமை நிதானமாக, விட்டுவிட்டு எழுதப்போகிறவர்களுக்கு. முப்பரிமாணம் வேண்டுமென்றால் பாஸ்கலுக்கென்றே 'காசில் கேம் எஞ்சின்' இருக்கிறது.

*சி, ரேலிப்:* உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே செய்ய விரும்புபவர்களுக்கு. பொறுமை முக்கியம்.

*பிகோ-8:* இதன் மொழி லுவா, 1993-இல் பிரேசிலில் பிறந்தது. 128-க்கு 128 புள்ளிகள், 16 நிறங்கள் என்று வேண்டுமென்றே வரம்பு வைத்த கற்பனைக் கணினி. 2018-இல் வந்து விருதுகளை அள்ளிய 'செலஸ்ட்' முதலில் இதில் நான்கே நாளில் செய்த குட்டி கேம்தான்.

'கொ' உடைகிற இடம்

இவ்வளவு சொன்ன பிறகு, தமிழ் வாசகருக்குச் சொல்லியாக வேண்டிய ஒரு குறை இருக்கிறது. பழைய மொழிகளும் அவற்றைச் சுற்றியுள்ள நூலகங்களும் ஆங்கிலத்தை மனதில் வைத்துப் பிறந்தவை. ஓர் எழுத்து, ஒரு கட்டம், இடமிருந்து வலம் என்பதுதான் அவற்றின் கணக்கு. தமிழ் அதற்குள் அடங்காது. 'கொ' என்ற எழுத்து கணினிக்குள் ககரமாகவும் அதையடுத்து ஒகரக் குறியாகவும் சேமிக்கப்படுகிறது. திரைக்கு வரும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்துக்கு முன்னே ஒரு கொம்பாகவும் பின்னே ஒரு காலாகவும் நிற்க வேண்டும். ரேலிப்பில் தமிழ் எழுத்துருவை ஏற்றி எழுதிப் பாருங்கள். சேமித்த வரிசையிலேயே வரைந்து, சொல்லை உடைத்துப் போடும். கோடோ நான்காம் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'ஹார்ஃப்பஸ்' நூலகம் அதில் உள்ளேயே இருக்கிறது. தமிழில் உரையாடல் நிறைந்த கேம் செய்ய நினைப்பவர், இன்றைய நிலையில், கோடோவை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

ஆனால், ஹார்ஃப்பஸை சி-யிலிருந்தும் அழைக்கலாம்; அதற்கான வழியை அந்த நூலகமே கொடுத்திருக்கிறது. ரேலிப்பில் எழுத்து வரையும் பகுதி தனிக் கோப்பாக, திறந்த நிரலாக இருக்கிறது. மெனக்கெட்டால் சி தெரிந்த யாரும் முதலிலிருந்து கடைசி வரை படித்துவிடலாம். எந்த இடத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரையப்படுகின்றன என்று கண்டுபிடித்து, அதற்கு முன்னால் ஹார்ஃப்பஸைப் புகுத்தினால் 'கொ' ஒழுங்காக நிற்கும். படித்தால் புரிகிற நிரலின் பயன் இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும்: இல்லாததை யாரோ கொண்டுவரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை, நாமே சேர்த்துக்கொள்ளலாம். நீலத்திரையில் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு மறந்துபோன பொறியாளர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்களில் யாராவது ஒருவர் சில ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கு ஒதுக்கினால், அடுத்து வருகிற பள்ளி மாணவர் தன் முதல் கேமைத் தமிழிலேயே பேச வைக்கலாம்.